கடலை மிட்டாயும் பழைய வழக்கும்: முகாமுக்குப் போகலாமா?

தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஊரில் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் ஆறு வருடம் டீச்சராக இருந்தார். ஏழு வருடத்துக்கு முன் கணவரோடு ஆஸ்திரேலியா வந்தார். இப்போது பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) இருக்கிறது, குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். முதியோர் இல்லம் ஒன்றில் கேஷுவல் வேலை. ஒன்பது வயதில் ஒரு மகன்.

ஜன நடமாட்டம் குறைந்த 'அவுட்பேக்' உட்பகுதியின் தொலைதூரப் பள்ளிக் குழந்தைகளைக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு அழைத்துவந்து ஐந்து நாள் முகாம் நடத்துகிறது ஒரு சேவை அமைப்பு. அதற்குத் தன்னார்வலர்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்தது முதல் இவருக்குப் போக ஆசை. "பாவம், படிக்க வசதியில்லாத ஏழைக் குழந்தைகள். கொஞ்சம் கணக்காவது சொல்லிக்கொடுக்கலாம். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய கடலை மிட்டாய் இரண்டு கிலோ இருக்கிறது, அதையும் கொண்டுபோகலாம்" என்கிறார். இந்த அனுபவம் இங்கே ஆசிரியராகப் பதிவுசெய்யவும் உதவும் என்று ஒரு நம்பிக்கை. முதியோர் இல்லத்துக்காக எடுத்த போலீஸ் சான்று கையில் இருக்கிறது. ஐந்தே நாள்தானே, அது போதும் என்று நினைக்கிறார்.

கணவருக்கு இதில் சம்மதம் இல்லை. ஒரு குழந்தை கடலில் விழுந்தால், அல்லது ஏதாவது புகார் சொல்லிவிட்டால் குடியுரிமையே போய்விடும் என்கிறார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று. 2011இல் இவருடைய அண்ணனின் மனைவி அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் 498ஏ புகார் (கணவனும் அவன் வீட்டாரும் கொடுமைப்படுத்துவதாகக் கொடுக்கும் புகார்) கொடுத்தார். நாத்தனார் என்பதால் இவர் பெயரும் நான்காவது எதிரியாகச் சேர்க்கப்பட்டது. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு, 2014இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இவர் மீதான வழக்கை ரத்து செய்தது. "முகாமுக்கு விண்ணப்பித்தால் அதைக் கிளறுவார்களா? ரத்தானதைச் சொல்லத்தான் வேண்டுமா? பி.ஆர். படிவத்தை ஏஜென்ட்தான் நிரப்பினார், அதில் என்ன எழுதினார் என்றே எனக்குத் தெரியாது" என்று முடிக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தின் முக்கால் பங்கு அந்தப் பழைய வழக்கைப் பற்றியது. குழந்தைகளைப் பற்றி நாலு வரிதான். எனக்கு அந்த நாலு வரிதான் கவலை தருகிறது. இருந்தாலும் தூக்கம் கெடுக்கிற விஷயத்தை முதலில் பேசிவிடலாம்.

498ஏ வழக்கும் சோதனையும்

முதலில், கையில் இருக்கும் போலீஸ் சான்று போதாது. அது முதியோர் பராமரிப்பு வேலைக்கானது. குழந்தைகளோடு பணியாற்ற 'ஒர்க்கிங் வித் சில்ட்ரன் செக்' என்று தனிச் சோதனை இருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில மனித சேவைத் துறை அதை நடத்துகிறது. தன்னார்வலருக்குக் கட்டணம் இல்லை. கிடைத்தால் ஐந்து வருடம் செல்லும். குறைந்த நாள் மட்டும் வருபவர்களுக்கு விலக்கு உண்டு என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்டுதான், ஆனால் குழந்தைகள் இரவு தங்கும் முகாமுக்கு அந்த விலக்கை நம்ப முடியாது. "பரவாயில்லை, வாங்க" என்று சோதனையே கேட்காமல் ஒரு அமைப்பு உங்களைச் சேர்த்துக்கொண்டால் அந்த முகாமுக்குப் போகாதீர்கள்.

இந்தச் சோதனை வழக்கு இருந்ததா இல்லையா என்பதோடு நிற்பதில்லை. குழந்தைகளுக்கு இவரால் ஆபத்து வருமா என்று எடைபோடுகிறார்கள். ஆஸ்திரேலியப் பதிவுகள் அவர்கள் கைக்குத் தாமாகவே வரும். மதுரையில் நடந்தது தெரியவேண்டுமானால் பெரும்பாலும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். அப்படியானால் சொல்லாமலே விடலாமே என்று தோன்றும். கேள்வி எதைக் கேட்கிறது என்று ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். தண்டனை பெற்றதுண்டா என்று கேட்டால், இல்லை என்பது உண்மையான பதில். எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டதுண்டா என்று கேட்டால், குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருப்பதால் ஆம் என்றே எழுதி, ரத்தான விவரத்தையும் சேருங்கள். ரத்து என்றால் அந்த வழக்கு உங்கள் மீது இனி நடக்காது என்றுதான் பொருள். நடந்ததே இல்லை என்று ஆகிவிடாது. நம்மூரில் இந்த இரண்டையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். பழைய வழக்கை வைத்து உங்களை நிராகரிப்பார்களா என்பது சந்தேகம்தான். பொய் சொன்னதற்கு நடவடிக்கை எடுப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை.

மதுரைக் கிளையின் தீர்ப்புக்குச் சான்றிட்ட நகல் வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் உங்கள் பழைய வக்கீல் மூலம் இன்றே மனுப் போடச் சொல்லுங்கள். குடும்பச் சண்டையில் கணவன் வீட்டார் எல்லோரையும் போகிறபோக்கில் சேர்ப்பதை இந்திய உச்ச நீதிமன்றமே கண்டித்திருக்கிறது. கீதா மெஹ்ரோத்ரா வழக்கில், 2012இல், கணவனின் சகோதரி மீதான நடவடிக்கையை ரத்து செய்தது. உங்கள் தீர்ப்பிலும் அந்த மாதிரி ஒரு பத்தி இருந்தால் நல்லது. நகலோடு ஒரே பக்கத்தில் விளக்கம் எழுதுங்கள். அண்ணியைத் திட்டி ஒரு வரிகூட வேண்டாம். அப்புறம், ஒரு வக்கீல் கேட்டே ஆகவேண்டிய கேள்வி: அந்தப் புகாரில் அண்ணனின் குழந்தையை அடித்ததாகவோ சாப்பாடு போடாததாகவோ எங்காவது இருந்ததா? இருந்தால் தனியாக விண்ணப்பிக்காதீர்கள், முதலில் இங்கே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது உங்கள் பி.ஆர். படிவம். ஏஜென்ட் எழுதினாலும் கையெழுத்து உங்களுடையது. அந்தப் படிவத்தில் ஒன்று, குடியுரிமை விண்ணப்பத்தில் ஒன்று, இந்தச் சோதனையில் ஒன்று என்று மூன்று விதமாகப் பதில் இருந்தால் அதுதான் சிக்கல். ஏஜென்டிடம் நகல் கேளுங்கள். அவர் போனை எடுக்கவில்லையென்றால், இங்குள்ள தகவல் உரிமைச் சட்டப்படி ஆஸ்திரேலிய உள்துறையிடமே உங்கள் சொந்தக் கோப்பைக் கேட்டு வாங்கலாம். பதிலில் தவறு இருந்தால் பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகர் ஒருவரை வைத்து நீங்களே முன்வந்து திருத்துவது நல்லது. முகாம் என்ற பேச்சே வராவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

கணவரின் பயம்

அவர் உங்களைக் கட்டிப்போடப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருமுறை காரணமில்லாமல் காவல் நிலையம் வரை போய்வந்த குடும்பம், பயப்படத்தான் செய்யும். அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்.

குழந்தைக்கு அடிபட்டால் என்ன ஆகும்? தென் ஆஸ்திரேலியாவில் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் 2001 என்று ஒன்று இருக்கிறது. சமூக அமைப்பு ஒன்றுக்காக நல்லெண்ணத்தோடு, சொன்ன வேலையைச் செய்யும்போது தவறு நேர்ந்தால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு பொதுவாக அமைப்பைச் சேரும், உங்களைச் சேராது. ஆனால் சொன்ன வேலையைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். "நீங்கள் சமையலறையில் இருங்கள்" என்று சொல்லியிருக்க, நாலு பிள்ளைகளை நீங்களாகக் கடலுக்குக் கூட்டிப்போனால் சட்டம் உங்களோடு வராது. சொந்தக் காரில் குழந்தைகளை ஏற்றவே வேண்டாம். உங்களுக்கே அடிபட்டால் யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். நீங்கள் ஊழியர் இல்லை, விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

புகார் வந்தால்? வெறும் புகாரால் குடியுரிமை போகாது. ஆனால் குற்றச்சாட்டு நீதிமன்றம் வரை போய் நிலுவையில் இருந்தால், அது முடியும்வரை குடியுரிமை தரக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதனால் அவருடைய பயம் முழுக்கக் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். நடக்க வாய்ப்பு மிகக் குறைவு, அதை இன்னும் குறைக்கும் வழி உங்கள் கையில் இருக்கிறது. எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். இன்னொரு பெரியவரின் கண்ணில் படுகிற இடத்திலேயே இருங்கள். போனில் படம் எடுக்காதீர்கள். முகாம் முடிந்தபின் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் தொடர்பு வேண்டாம். அழுகிற பிள்ளையை மடியில் தூக்கிவைத்துக்கொள்வது நமக்கு இயல்பாக வரும். இங்கே குழந்தை கேட்டால் தோளில் தட்டிக்கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் இது மனசுக்கு வறட்சியாக இருக்கும்.

வரப்போகும் குழந்தைகள் யார்?

'ஏழைக் குழந்தைகள்' என்று எழுதியிருந்தீர்கள். வருபவர்களில் பாதிப் பேர் 'ஸ்டேஷன்' பிள்ளைகளாக இருக்கலாம். நமக்கு ஸ்டேஷன் என்றால் ரயில் இல்லாவிட்டால் போலீஸ். இங்கே அது மாட்டுப் பண்ணை, ஆட்டுப் பண்ணை. தென் ஆஸ்திரேலியாவிலுள்ள அன்னா க்ரீக் ஸ்டேஷன் மட்டும் 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் அவ்வளவு பெரிய மாவட்டமே கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்குக் குறை, பக்கத்து வீடு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது.

படிப்பு இல்லாமலும் இல்லை. அடிலெய்டுக்காரர் ஆல்ஃபிரட் ட்ரேகர், காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் பெடல் ரேடியோவை 1920களின் கடைசியில் செய்தார். விமானத்தில் வரும் 'பறக்கும் டாக்டரை'க் கூப்பிடுவதற்காக அது வீடுகளுக்குப் போனது. அதே அலைவரிசையில் பாடம் நடத்தினால் என்ன என்று கேட்டவர் அடிலெய்ட் மீத்கே என்ற கல்வியாளர்; அவரும் இந்த மாநிலத்துக்காரர்தான். 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்' தொடங்கியது. அந்த ஒரு பள்ளி 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பாடம் நடத்துகிறது, கிட்டத்தட்ட பத்து தமிழ்நாடு. தென் ஆஸ்திரேலியாவுக்குப் போர்ட் அகஸ்டாவில் ஒன்று இருக்கிறது. இப்போது ரேடியோ இல்லை, செயற்கைக்கோள் இணையம். வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவைப்பவர் அம்மா, அல்லது 'கவ்வி' என்று அவர்கள் கூப்பிடும் சம்பள ஆசிரியை.

நான் பல வருடத்துக்கு முன் இப்படி ஒரு முகாமில் சட்ட உதவிக் குழுவின் சார்பில் பாத்திரம் கழுவப் போயிருக்கிறேன். வக்கீல் வேலை எதுவும் அங்கே இல்லை. பத்து வயதுப் பையன் ஒருவன். பண்ணையில் வண்டி ஓட்டுவான், வேலி கட்டுவான், பாம்பைக் கண்டால் பேர் சொல்லுவான். எஸ்கலேட்டரில் கால் வைக்கத்தான் அவனால் முடியவில்லை. இன்னொரு சிறுமி மூன்று வருடம் திரையில் மட்டும் பார்த்த தோழியை முதல்முறை நேரில் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்கப் பேசவே இல்லை. சும்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். சாயங்காலம் தோழி தன்னைவிட உயரம் என்று முறையிட்டாள். திரையில் அது தெரியவில்லையாம்.

அவர்கள் முகாமுக்கு வருவது கணக்குப் படிக்க இல்லை. வரிசையில் நிற்க, பந்தை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்க, தோற்க, ஒரே அறையில் ஆறு பேரோடு தூங்கப் பழக வருகிறார்கள். நிறைய பேர் பன்னிரண்டு வயது வாக்கில் போர்டிங் பள்ளிக்குப் போகப்போகிறவர்கள். அதற்கு இது ஒத்திகை மாதிரி. இரண்டாம் நாள் ராத்திரி வீட்டு ஞாபகத்தில் அழுகை வரும். உடனே உங்கள் போனை எடுத்து அம்மாவிடம் பேசக் கொடுத்துவிடாதீர்கள். சில பிள்ளைக்கு அது மருந்து, சில பிள்ளைக்கு அழுகை இரட்டிப்பாகும். எந்தப் பிள்ளைக்கு எது என்று முகாம் பொறுப்பாளரிடம் பெற்றோர் சொல்லியிருப்பார்கள்.

மறுபாதி, பழங்குடிச் சமூகங்களின் பள்ளிகளிலிருந்து வரலாம். மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள ஏ.பி.ஒய். என்ற பழங்குடி நிலங்களிலிருந்து அடிலெய்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அங்கே பல குழந்தைகளுக்குத் தாய்மொழி பிட்ஜன்ஜட்ஜாரா; ஆங்கிலம் பள்ளியில் படித்த மொழி, உங்களுக்கும் எனக்கும் போல. கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் விவரம் போதாது என்று முடிவுகட்டாதீர்கள். கண்ணைப் பார்க்காமல் இருந்தால் அது பெரும்பாலும் மரியாதை.

அவர்களுடைய உறவுமுறை உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். அம்மாவின் அக்கா தங்கையும் அம்மாதான், அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பாதான். தாய்மாமனுக்கும் அத்தைக்கும் வேறு பெயர். வெள்ளைக்காரத் தன்னார்வலர்கள் "உன் உண்மையான அம்மா யார்?" என்று கேட்டுக் குழம்பும் இடத்தில், பெரியம்மா சித்தி என்று வளர்ந்த நீங்கள் குழம்பமாட்டீர்கள். ஒரு எச்சரிக்கை: அந்த மொழியில் 'மாமா' என்றால் அப்பா.

இந்தக் குடும்பங்களிடம், 'பிள்ளைகளை நல்லபடியாகக் கவனித்துக்கொள்கிறோம்' என்று வெளியாள் சொன்னால் அதன் பின்னால் ஒரு வரலாறு நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, 1970கள் வரை, பழங்குடிக் குழந்தைகளை அரசும் மிஷன்களும் அப்படிச் சொல்லித்தான் பறித்துக்கொண்டு போனார்கள். 1997இல் விசாரணை அறிக்கை வந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதனால் 'பாவம்' என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். படம் எடுக்கக் கூடாது என்பதற்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு: இறந்தவரின் பெயரையும் படத்தையும் தவிர்ப்பது பல சமூகங்களில் வழக்கம்.

ஒரு குழந்தை ரகசியம் சொன்னால்

பிள்ளைகள் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். நல்லது. ஆனால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவதாக நியாயமான சந்தேகம் வந்தால், அதைக் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்கும் சட்டக் கடமை இந்த மாநிலத்தில் இப்படிப்பட்ட அமைப்புகளின் தன்னார்வலர்களுக்கும் உண்டு. பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டோம், கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தகவல் துறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது உங்கள் பொறுப்பும்கூட. துருவிக் கேட்காதீர்கள். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதிவையுங்கள். முகாமுக்கு முன் இதற்கான பயிற்சி எப்போது என்று அமைப்பிடம் கேளுங்கள்.

டீச்சர் வேலைக்கு உதவுமா?

நேரடியாக உதவாது. தென் ஆஸ்திரேலிய ஆசிரியர் பதிவு வாரியம் பார்ப்பது உங்கள் பட்டங்களையும் ஆங்கிலத் தேர்ச்சியையும். ஐந்து நாள் முகாம் அங்கே கற்பித்தல் அனுபவம் ஆகாது. உங்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல உள்ளூர் ஆள் ஒருவர் கிடைக்கலாம், பள்ளி உதவியாளர் வேலைக்கு அது பயன்படும். விண்ணப்பத்தில் "ஆசிரியை ஆக விரும்புகிறேன்" என்று எழுதுவதில் தப்பில்லை. அதுவே முதல் காரணம் என்றால் மட்டும் இந்த ஐந்து நாளை ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கச் செலவிடுங்கள், அதுதான் லாபம்.

"சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டு ஊரார் பிள்ளையைப் பார்க்கப் போகிறாயா" என்று மாமியார் போனில் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஐந்து நாள் அப்பாவோடு இருந்தால் மகனுக்கு ஒன்றும் ஆகாது. கணவருக்குத்தான் சமையல் கொஞ்சம் கஷ்டம்.

ஆக, முதலில் பி.ஆர். கோப்பு, அடுத்து மதுரைத் தீர்ப்பின் நகல், இரண்டும் கைக்கு வந்தபின் சோதனைக்கு விண்ணப்பம். இந்த முகாமுக்குள் முடியாவிட்டால் அடுத்ததுக்குப் போங்கள். அமைப்பிடம் காரணம் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை, "சோதனை இன்னும் வரவில்லை" என்றால் போதும். தொப்பி, சன்ஸ்கிரீன், நனைந்தால் காயக்கூடிய செருப்பு எடுத்துவையுங்கள். கடலை மிட்டாய் மட்டும் வேண்டாம், சகோதரி. வேர்க்கடலை ஒவ்வாமையில் ஒரு குழந்தைக்குச் சில நிமிடத்தில் மூச்சு நின்றுபோகலாம். பல முகாம்களில் கடலை வாசனையே உள்ளே வரவிடமாட்டார்கள். அந்த இரண்டு கிலோவை என் அலுவலகத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.